மொட்டை மாடியில் தினமும் சாப்பிட ஒரு மேஜை

மொட்டை மாடியில் ஆசையாக வாங்கிப் போட்ட மேஜை பல வீடுகளில் மூன்றே மாதத்தில் வடாம் காயவைக்கிற பலகையாகிவிடுகிறது. மேஜை நன்றாகத்தான் இருக்கும். சாப்பிட உட்காருவதற்குள் மாடிப்படியை எத்தனை தரம் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்பதில்தான் சிக்கல். தட்டுக்கு ஒரு நடை, தண்ணீருக்கு ஒரு நடை, சாம்பார் வந்தபின் கரண்டிக்கு ஒரு நடை, கடைசியில் உப்புக்கு இன்னொன்று. விருந்தாளி வந்திருக்கும் நாளில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை ராத்திரி நாலு இட்லிக்கு யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மாடி மேஜையை அழகுபடுத்துவது பற்றிப் பேசினால் நான் முதலில் சொல்வது இந்த நடைக் கணக்கைத்தான். இரண்டே நடை. முதல் நடையில் ஒரு ட்ரே, இரண்டாவது நடையில் சாப்பாடு. மேலேயே கிடக்கும் எந்தப் பொருளும் வெயில், மழை, காக்கை மூன்றையும் தாங்க வேண்டும். தாங்காதது எல்லாம் ட்ரேயோடு ஏறி ட்ரேயோடு இறங்க வேண்டும். என்ன துணி, என்ன பூ, என்ன விளக்கு என்பதெல்லாம் இதற்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்தச் சுவரோரம்

மேஜை வாங்கும் முன் ஒரு நாள் மாலை நாலரை மணிக்கு மாடியில் நின்று நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மாடிப்படி வந்து முடியும் அந்தச் சின்ன அறை இருக்கிறதே, அதன் கிழக்குச் சுவரோரம்தான் பெரும்பாலான வீடுகளில் சரியான இடம். மதியம் தாண்டியதும் அங்கே நிழல் வந்துவிடும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் சித்திரை, வைகாசி மாலைக் காற்று கடல் பக்கமிருந்து வரும் என்பதால் நிழலும் காற்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். கோவை, பொள்ளாச்சி, தென்காசிப் பக்கமோ ஆனி, ஆடியில் கணவாய் வழியே மேற்கிலிருந்து காற்று அடித்துத் தள்ளும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அங்கே தட்டு நிஜமாகவே பறக்கும். அந்த ஊர்களிலும் இதே கிழக்குச் சுவரோரம்தான் உதவுகிறது. மேற்குக் காற்றை அந்த அறையே மறைத்துக்கொள்ளும்.

சுவரை ஒட்டி மேஜையைப் போட்டுவிடாதீர்கள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்க மேஜை விளிம்பிலிருந்து சுவர் வரை குறைந்தது இரண்டரை அடி வேண்டும். பின்னால் ஒருவர் நடந்து போகவும் வேண்டுமென்றால் மூன்றரை அடி.

மாடித் தரை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு எட்டு, ஒன்பது மணி வரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். காற்று குளிர்ந்திருந்தாலும் கணுக்காலில் அனல் அடிக்கும். மேஜையைச் சுற்றி எட்டடிக்கு எட்டடி இடத்தில் ஐந்தரை மணிவாக்கில் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் பக்கெட் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும். இரண்டாவதுதான் தரையைக் குளிர வைக்கும். ஏழு மணிக்கு மேல் ஊற்றினால் பயனில்லை. ஈரம் காயாமல் புழுக்கம்தான் கூடும். வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்த தரைக்கும் சுண்ணாம்பு அடித்த தரைக்கும் ஒரு பக்கெட் போதும்.

மழைத் தண்ணீர் வடிவதற்காக மாடித் தரை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பார்த்தால் தெரியாது. தட்டில் ரசம் ஊற்றும்போது தெரியும்: ஒரு ஓரமாகவே போய்த் தேங்கும். மேஜைக் கால்களின் அடியில் திருகி உயர்த்தும் புஷ் இருக்கிற மாதிரி வாங்குங்கள். சமன் பார்க்கும் ரசமட்டக் கருவியை மேஜை மேல் நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்து நான்கு கால்களையும் சரிசெய்துகொள்ளலாம். அட்டையை மடித்துக் காலுக்கடியில் வைப்பது முதல் மழை வரைதான். ஒன்று மட்டும் கூடாது: மேஜையோ குடையோ அசையாமல் நிற்கட்டும் என்று தரையில் துளை போட்டு போல்ட் அடிப்பது. தண்ணீர் இறங்காமல் போட்டிருக்கும் பூச்சு அங்கே உடைந்து, அடுத்த ஐப்பசியில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரப்புள்ளி தெரியும்.

நான்கு அங்குலம்

அலங்காரம் எவ்வளவு செய்யலாம் என்பதை மேஜையின் அகலம்தான் முடிவு செய்கிறது. இதைக் கணக்கிடாமல் வாங்கிவிட்டுப் பிறகு பூச்சாடியை எங்கே வைப்பது என்று திண்டாடுகிறவர்கள் அதிகம்.

நான்கு பேருக்கு என்று கடையில் கிடைப்பது நாலடி நீளம், இரண்டரை அடி அகலம். அதாவது அகலம் 30 அங்குலம். எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கொரு 12 அங்குலத் தட்டு, ஆக 24. தட்டுக்கும் விளிம்புக்கும் இடையில் ஆளுக்கு ஓர் அங்குலம், ஆக 26. நடுவில் மிஞ்சுவது நான்கே அங்குலம். அதில் டம்ளர்கள் நின்றுவிட்டால் தீர்ந்தது. படங்களில் பார்க்கும் பெரிய பூங்கொத்தும் மெழுகுவர்த்தி வரிசையும் இந்த நான்கு அங்குலத்துக்குள் வராது. இடம் இருந்தால் மூன்றடி அகல மேஜையாக வாங்குங்கள். நடுவில் பத்து அங்குலம் கிடைக்கும். நீளத்தில் ஆளுக்கு இரண்டடி என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்த மேஜையாக இருந்தாலும் சாம்பார்ச் சட்டியும் ஹாட் பாக்ஸும் மேஜை மேல் ஏறக் கூடாது. அவற்றுக்கு ஒரு முக்காலி தனியாக வேண்டும், 18 முதல் 20 அங்குல உயரத்தில். நம் சாப்பாடு ஒரே தடவையில் தட்டில் வந்து முடிகிற சாப்பாடு இல்லை. சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பாத்திரம் மேஜையில் கை மாறினால் ஒருநாள் இல்லை ஒருநாள் டம்ளர் கவிழும். அந்த முக்காலி, பரிமாறுகிறவரின் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். வலது கை எச்சிலாகிவிடும். கரண்டியை எடுப்பது இடது கை. முக்காலி வலப்பக்கம் இருந்தால் உடம்பைத் திருப்பி, எச்சில் தட்டுக்கு மேலாகக் கையை நீட்டி எடுக்க வேண்டிவரும். இடது கையால் பரிமாறுவது பிடிக்காத பெரியவர்கள் இருக்கிற வீட்டில் ஒருவர் நின்று பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருவார். அங்கே முக்காலி மேஜையின் குறுகிய ஓரத்தில் நிற்கட்டும்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண டைனிங் டேபிள் 30 அங்குலம் உயரம், நாற்காலியின் இருக்கை 18 அங்குலம். கரண்டியால் சாப்பிட இது சரி. கையால் பிசைந்து சாப்பிட 28 அங்குலம் இதமாக இருக்கும். முழங்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்காது. தச்சரிடம் செய்யச் சொல்வதாக இருந்தால் இந்த இரண்டு அங்குலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கல்லா, தேக்கா

கடப்பா கல் மலிவு, கறுப்பு, எவர்சில்வர் தட்டுக்கு அதைவிட அழகான பின்னணி கிடையாது. ஆனால் அது சுண்ணாம்புக் கல் வகை. எலுமிச்சைச் சாறு, புளிக் குழம்பு, தயிர் எது சிந்தினாலும் துடைத்தபின் அந்த இடம் மட்டும் பளபளப்பு போய் வெளுத்து நிற்கும். அது கறை இல்லை. புளிப்பு கல்லையே அரித்துவிட்ட தடம். சோப்பு போட்டுத் தேய்த்தால் போகாது. தேங்காய் எண்ணெய் தடவினால் ஒரு வாரம் மறையும், ஆனால் எண்ணெயில் மாடித் தூசி அப்பிக்கொண்டு பிசுபிசுக்கும். கல்லுக்கென்று விற்கும் சீலரை வருஷத்துக்கு ஒரு தடவை பூசலாம். பூச வேண்டிய நேரம் வந்ததா என்று பார்க்க, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கருத்திருந்தால் கல் தண்ணீர் குடிக்கிறது என்று அர்த்தம். சீலர் கறையைத்தான் தடுக்கும். புளிப்பு அரிப்பதை முழுதாகத் தடுக்காது, எனவே சிந்தியதை உடனே துடைப்பதுதான் வழி. புளிப்புத் தடமே விழக்கூடாதென்றால் கிரானைட்டுக்குப் போய்விடுங்கள். விலை கூட, தொந்தரவு குறைவு.

கல் எதுவானாலும் எடையை நினைவில் வையுங்கள். நாலடிக்கு இரண்டரை அடி, 20 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஏறத்தாழ 50 கிலோ. படியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஏறியபின் காற்று அசைக்காது, அது லாபம். கறுப்புக் கல் வெயிலில் கிடந்தால் ஆறு மணிக்கும் கை சுடும். நிழல் விழும் சுவரோரம் வேண்டும் என்று முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேக்கு வெளியில் கிடக்கத் தகுந்த மரம். வீட்டுக்குள் அடிக்கும் வார்னிஷை மட்டும் அதற்கு அடிக்கக் கூடாது. வெயிலில் வெடித்து, வெடிப்புக்குள் மழைத் தண்ணீர் போய், செதில் செதிலாக உரியும். எண்ணெய்தான் சரி. வருஷத்துக்கு இரண்டு முறை, புரட்டாசியில் மழைக்கு முன்னும் மாசியில் வெயிலுக்கு முன்னும், 120 அல்லது 150 நம்பர் உப்புத்தாளால் மர ரேகை போகும் திசையிலேயே தேய்த்து, தூசியைத் துடைத்து, ஆளிவிதை எண்ணெயையோ தேக்கு எண்ணெயையோ மெல்லியதாகத் தடவுங்கள். கால் மணி நேரம் கழித்து மரம் குடிக்காமல் மேலே நிற்கும் எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும். விட்டால் பிசினாகிக் கை ஒட்டும். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு வெளியாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கிவையுங்கள், இல்லையென்றால் மடிப்பில்லாமல் கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.

மர மேஜை உளுத்துப்போவது பெரும்பாலும் கால் நுனியில் ஆரம்பிக்கும். காலின் வெட்டு முனை உறிஞ்சுகுழல் மாதிரி தரைத் தண்ணீரை இழுக்கும். அங்கே எண்ணெயை இரண்டு மூன்று தடவை விட்டு, அடியில் நைலான் புஷ் அடித்துவிட்டால் பல வருஷம் கவலையில்லை. இரும்பு நாற்காலிகளும் இப்படித்தான்: பவுடர் கோட்டிங் முதலில் உரிவது தரையில் இழுபடும் கால் முனையில். அந்த ரப்பர் தொப்பி கழன்று விழுந்த அன்றே புதியது மாட்டுங்கள். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் சாதாரணப் பிளைவுட்டும் மாடிக்கு வேண்டவே வேண்டாம், ஓரம் உப்பிக்கொள்ளும்.

விரிப்பு

காற்றுள்ள மாடியில் முழு மேஜை விரிப்பு வேலைக்காகாது. பிளாஸ்டிக் விரிப்பு சூட்டில் சுருண்டு, முழங்கையில் ஒட்டிக்கொள்ளும். மேஜையின் பரப்பே தெரியட்டும். ஆளுக்கொரு சின்னப் பாய் போதும். பத்தமடைக் கோரைப் பாயில் 12-க்கு 18 அங்குல அளவில் தட்டடிப் பாய்கள் கிடைக்கின்றன. கறுப்புக் கல், அதன்மேல் வைக்கோல் நிறக் கோரை, அதன்மேல் எவர்சில்வர் தட்டு. இந்த மூன்று நிறமே மேஜைக்குப் போதுமான அலங்காரம் என்பது என் அபிப்பிராயம். கல்லில் எவர்சில்வர் உரசும் அந்தக் கூசும் சத்தத்தையும் பாய் விழுங்கிவிடும். ஆனால் கோரை ஈரத்தில் பூசணம் பிடிக்கும். ஈரத்தோடு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் இரண்டே நாளில் கறுப்புப் புள்ளி விழும். சாப்பிட்டதும் துடைத்து, நிற்கவைத்துக் காயவிட்டு, ட்ரேயோடு கீழே கொண்டுபோங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கோரையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, நாலாக மடித்த ஈரிழைத் துண்டைப் போடலாம்.

மூன்றடி மேஜையாக இருந்து நடுவில் நீளவாக்கில் ஒரு துணி வேண்டும் என்று தோன்றினால், கைத்தறித் துண்டு ஒன்றை எட்டு அங்குல அகலத்துக்கு மடித்துத் தைத்து, இரண்டு முனைகளின் மடிப்புக்குள்ளும் இரண்டிரண்டு இரும்பு வாஷரை வைத்துத் தைத்துவிடுங்கள். துவைக்கும்போது துரு ஏறாமல் இருக்க எவர்சில்வர் வாஷராகக் கேட்டு வாங்க வேண்டும். முனை மேஜைக்குக் கீழே ஆறு அங்குலம் தொங்கினால் வழக்கமான காற்றுக்கு அசையாது.

மஞ்சள் கறையைக் கண்டு வெள்ளைத் துணியைத் தவிர்க்கத் தேவையில்லை. சாம்பார் பட்ட இடத்தில் சோப்பு போட்டதும் சிவப்பாக மாறும். பயந்துவிடாதீர்கள், மஞ்சள் காரத்தில் அப்படித்தான் நிறம் மாறும். எண்ணெய்ப் பசை போக அலசி, ஈரத்தோடு நல்ல வெயிலில் விரித்துவிடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் சிதைந்துவிடும். ஒன்றிரண்டு நாள் வெயிலில் பெரும்பாலும் மறைந்துபோகும். நிழலில் காய்கிற துணியில்தான் கறை தங்குகிறது. வெயில் விழும் மாடி இருக்கிற வீட்டுக்கு வெள்ளைத் துணியே நல்லது.

நடுவில் வைப்பது

உட்கார்ந்தால் எதிரே இருப்பவர் முகம் மறையக் கூடாது. எனவே உயரம் ஒரு சாணுக்குள். இரண்டரை அடி மேஜையானால் மேஜை நடுவை விட்டுவிட்டு, குறுகிய ஓரத்தில் யாரும் உட்காராத பக்கம் வைக்கலாம். நாலு அங்குலத் தொட்டியில் ஓமவல்லி வெயிலைத் தாங்கும், கிள்ளி மோரில் போடவும் ஆகும். தொட்டிக்கு மண் தொட்டிதான் நல்லது. பிளாஸ்டிக் தொட்டி காற்றில் உருளும். மானாமதுரை மண்பாண்டக்காரர்களிடம் அகலம் கூடிய, உயரம் குறைந்த தொட்டிகள் கேட்டுப் பாருங்கள்.

உருளியில் தண்ணீர் விட்டுப் பூ மிதக்கவிடுவது மாடிக்குப் பொருத்தமான அலங்காரம். கனம், காற்றுக்கு அசையாது, உயரம் இல்லை. இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, அரளி வேண்டாம். நிறமும் அழகு, மிதந்தாலும் வாடாது, அதனால்தான் பலரும் போடுகிறார்கள். ஆனால் அரளியின் பூ, இலை, பால் எல்லாமே நஞ்சு. மஞ்சள் அரளியும் அப்படியே. பூஜை அறையில் இருக்கட்டும், சாப்பிடுகிற மேஜையில் கூடாது. குழந்தை கையை விட்டு அளைந்துவிட்டு அதே கையால் இட்லியைப் பிய்க்கும். சாமந்தி, ரோஜா இதழ், முல்லை போதும். செம்பருத்தி மாலையில் சுருங்கிக்கொள்ளும் என்பதால் காலைச் சாப்பாட்டுக்கு மட்டும். முல்லையை மொட்டாகவே ஆறு மணிக்கு மிதக்கவிட்டால் சாப்பிட உட்காரும் நேரத்துக்கு ஒவ்வொன்றாக வாய் விரியும். பத்து மொட்டு போதும். கைநிறையப் போட்டால் வாசனை ரசத்தை அடித்துவிடும்.

இரண்டாவது, தண்ணீர். தேங்கிய நல்ல தண்ணீர்தான் டெங்கு கொசு முட்டையிடும் இடம். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். சாப்பிட்டு முடித்ததும் உருளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, உருளியைக் கவிழ்த்துவைத்துவிட்டால் கதை முடிந்தது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளையும் வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது.

வெளிச்சமும் காற்றும்

மாடியில் தலைக்கு மேலே விளக்குத் தொங்கவிடக் கூரை கிடையாது. பலரும் சுவரில் ஆறடி உயரத்தில் வெள்ளை எல்.இ.டி. ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். எதிரே உட்கார்ந்தவருக்குக் கண் கூசும், தட்டில் சொந்த நிழல் விழும், ஊர்ப் பூச்சியெல்லாம் சாம்பாருக்கு வரும். 2700 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் மஞ்சள் வெளிச்சம் வாங்குங்கள். பூச்சிகளை வெள்ளை விளக்கில் கலந்திருக்கும் நீல வெளிச்சம் இழுக்கிற அளவுக்கு மஞ்சள் இழுப்பதில்லை. சுவரில் மாட்டினால் வெளிச்சம் கீழே மட்டும் விழும்படி மூடியுள்ள விளக்காக இருக்கட்டும். மேஜை மேல் சார்ஜ் போடும் சின்ன விளக்கு ஒன்று ட்ரேயில் வந்து போகலாம். மெழுகுவர்த்தி காற்றில் நிற்காது. சுடர் வேண்டுமென்றால் கண்ணாடிக் கூண்டுள்ள அரிக்கேன் விளக்கு. கைப்பிடிச் சுவரில் சீரியல் லைட் நிரந்தரமாக ஓட விடுவதானால் தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கு அடையாளமாக ஐ.பி. 65 என்று குறித்திருக்க வேண்டும், பிளக் பாயின்ட் மழை படாத மூடியோடு இருக்க வேண்டும், அந்த லைனில் மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். ஈரக் கை, ஈரத் தரை உள்ள இடம் என்பதால் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கொசுவுக்குச் சுருளைவிட மின்விசிறி மேல். கொசு பலவீனமாகப் பறக்கிற பூச்சி; காற்றோட்டத்தில் வந்து உட்கார முடியாது. பெடஸ்டல் ஃபேனைத் தாழ்த்தி, மேஜைக்கு அடியில் கால்கள் மேல் அடிக்கும்படி வையுங்கள். மேஜை மேல் அடித்தால் இட்லி ஆறிவிடும், பாய் பறக்கும்.

எறும்புக்கு, மரக்கால் இல்லாத மேஜையானால், கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது பழைய வழி, இன்றும் பலிக்கும். அந்தத் தண்ணீரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் கொசு முட்டையிட்டாலும் புழு பிழைக்காது. எறும்பு சாக்பீஸால் மேஜைக் காலில் கோடு போடாதீர்கள். அது பூச்சிமருந்து, கையில் ஒட்டித் தட்டுக்கு வரும். காக்கைக்கு முதல் உருண்டையை மேஜையிலிருந்து தள்ளி, கைப்பிடிச் சுவரின் எதிர் மூலையில் வைத்துப் பழக்கினால் காக்கையும் அந்த மூலையிலேயே நிற்கும். மேஜைக்கு அருகில் வைத்தால் ஸ்பூனையும் தூக்கிக்கொண்டு போகும்.

ட்ரேயில் என்ன

16-க்கு 12 அங்குல ட்ரே, விளிம்பு இரண்டு அங்குலம் உயரமாக, இரண்டு பக்கமும் பிடி. அதைவிடப் பெரிதாக இருந்தால் படியில் திரும்ப முடியாது. தட்டுகள் நான்கு, டம்ளர் நான்கு ஒன்றுக்குள் ஒன்றாக, கோரைப் பாய்ச் சுருள், துடைக்கும் துணி இரண்டு, பழைய அஞ்சறைப் பெட்டி ஒன்று. அஞ்சறைப் பெட்டியை மேஜைப் பெட்டியாக மாற்றுவது அருமையான யோசனை: ஒரு குழியில் உப்பு, ஒன்றில் இட்லிப் பொடி, ஒன்றில் பருப்புப் பொடி, ஒன்றில் கறிவடாம், நடுவில் சின்ன நெய்க் கரண்டி. மூடினால் காற்றுக்கும் எறும்புக்கும் பயமில்லை. உப்புக் குழியில் நாலு அரிசி போட்டுவையுங்கள், கட்டி பிடிக்காது. ஊறுகாயை மட்டும் பீங்கான் ஜாடியில் தனியாக. உப்பும் புளிப்பும் சேர்ந்து எவர்சில்வரில் புள்ளி விழவைக்கும்.

தண்ணீர் மாடியிலேயே இருக்கட்டும் என்று பானை வைத்தால் நிழலில், முக்காலிமேல், மூடியோடு. தினமும் மாற்ற வேண்டும். முடியாவிட்டால் கூஜா ட்ரேயில் வரட்டும்.

கை கழுவ இடமில்லாத மாடி மேஜையில் யாரும் நீடித்துச் சாப்பிட மாட்டார்கள். மாடிக் குழாய் தொட்டியிலிருந்து நேரே வருவது, வெயில் நாளில் ஏழு மணிக்கும் தண்ணீர் வெந்நீராக வரும். ஒரு பக்கெட்டில் ஐந்தரைக்கே தண்ணீர் பிடித்து நிழலில் வைத்து, மேலே ஒரு செம்பு கவிழ்த்துவைத்தால் போதும். கழுவும் இடம் மழைத் தண்ணீர் போகும் ஓட்டை பக்கமாக, மேஜையிலிருந்து ஆறேழு அடி தள்ளி. சோற்றுப் பருக்கை ஓட்டையை அடைக்காமல் மேலே ஜாலி ஒன்று.

இலையில் சாப்பிட ஆசைப்படும் நாளில் முழுத் தலைவாழை இலையை மேஜையில் விரித்தால் நடுநரம்பு மேஜையில் தங்கி இலை தூக்கிக்கொள்ளும், ரசம் மடியில் ஊற்றும். கத்தியைப் படுக்கவைத்து அடிப்புற நரம்பைச் சீவிவிட்டு, கல்லில் தண்ணீர் தெளித்து அதன்மேல் அழுத்தி விரித்தால் ஒட்டிக்கொள்ளும், காற்றுக்கும் எழாது. தினசரிக்கு அதைவிட எளிது, தட்டளவுக்கு வட்டமாக வெட்டிய இலையைத் தட்டுக்குள் போடுவது. கழுவுகிற வேலையும் பாதியாகும். வாங்கிய இலையை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தால் இரண்டு மூன்று நாள் நிற்கும்; சுற்றாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் கறுத்துவிடும்.

தேங்காய்ச் சட்னியை அந்த வேளைக்கு மட்டும் மேலே கொண்டுபோங்கள். வெயில் காலத்தில் மாடியில் அது சீக்கிரம் புளிக்கும், மிஞ்சியதைக் கீழே கொண்டுவந்து நல்ல சட்னியில் கலந்தால் அதுவும் கெடும். தோசை மாடிக்கு ஏற்ற பலகாரம் இல்லை. படி ஏறும் நேரத்திலேயே முறுகல் போய்விடும். இட்லி, இடியாப்பம், சப்பாத்தி, கலந்த சாதம் இவைதான் சரி. இட்லி ஹாட் பாக்ஸின் அடியில் ஒரு துண்டு வாழையிலை போட்டால் வியர்த்துக் கொழகொழக்காது.

மழை நாளில்

ஐப்பசி பிறந்ததும் தார்ப்பாயை மேஜைமேல் இறுக்கிக் கட்டுகிறார்கள். உள்ளே ஈரம் அடைபட்டு மரத்தில் பூசணம் பூக்கும். தார்ப்பாய்க்கும் மேஜைக்கும் நடுவில் நாற்காலியைக் கவிழ்த்துவைத்து இடைவெளி விடுங்கள், பக்கவாட்டில் காற்று போகட்டும். கல் மேஜைக்கு மூடியே தேவையில்லை. இரண்டு மழைக்கு நடுவில் வெயில் அடிக்கும் நாட்களில் தார்ப்பாயை எடுத்துவிட வேண்டும்.

மழை விட்ட சில மாலைகளில், காற்றில்லாமல் புழுக்கமாக இருந்தால், விளக்கு போட்டதும் ஈசல் வரும். வந்தபின் விரட்ட முடியாது. இருட்டு விழுவதற்கு முன்பே மாடியின் எதிர் மூலையில் ஒரு வெள்ளை விளக்கைப் போட்டு, அதன்கீழ் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, மேஜை விளக்கை அணைத்துவையுங்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதன்பிறகு இறக்கைகளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். விளக்குமாறு போட்டால் அத்தனையும் பறந்து தட்டில் விழும்.